நகச்சொத்தையும் கைவைத்தியமும்

கல்யாண வீட்டில் மருதாணி இட்டுக்கொண்டவர்களின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளங்கையின் சிவப்பு பத்துப் பதினைந்து நாளில் மங்கி மறைந்துவிடுகிறது. நகத்தின் சிவப்போ அவ்வளவு எளிதில் போவதில்லை. நகத்தின் அடியில் நிறமற்ற ஒரு சிறு பிறை தோன்றுகிறது. அது நாளுக்கு நாள் பெரிதாகி, சிவப்பை நுனியை நோக்கித் தள்ளிக்கொண்டே போகிறது. சில மாதங்களில் சிவப்பு முழுவதும் நகவெட்டிக்கு இரையாகிவிடுகிறது.

தோலின் சிவப்பு உதிர்ந்து மறைய, நகத்தின் சிவப்பு மட்டும் நகர்ந்து மறைவானேன்? இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், நகச்சொத்தை என்னும் பிடிவாதமான நோய் ஏன் எலுமிச்சைக்கும் பூண்டுக்கும் வேப்பெண்ணெய்க்கும் மசிவதில்லை என்பது விளங்கும்.

என் பெரியம்மா வீட்டில் மாவு அரைத்துத் தெருவுக்கே விற்றுவந்தார். விடியற்காலை அரிசி களைவது முதல் இரவு உரலைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவருடைய கை காய்ந்திருந்த நேரம் மிகக் குறைவு. ஒரு மழைக்காலத்தில் அவருடைய வலது கட்டைவிரல் நகத்தின் ஓரம் வீங்கிச் சிவந்தது. பிறகு நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியது. வலி பெரிதாக இல்லை. ஆனால் அந்த நகத்தைப் பார்த்தவர்கள் மாவு வாங்கத் தயங்கினார்கள். ஒரு மனிதரின் பிழைப்பு ஒரு நகத்தில் தொங்கியது என்றால் அது மிகையாகாது.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலைச் செருகிக்கொண்டார். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பற்றுப் போட்டார். வேப்பெண்ணெய் தடவினார். "பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டிக்கொண்டு படுங்கள் அக்கா, காலையில் பாருங்கள்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். காலையில் பார்த்தபோது நகத்தைச் சுற்றித் தீப்பட்டதுபோல் கொப்புளம். நகம் மட்டும் அப்படியே இருந்தது. இவ்வாறு பதினான்கு மாதங்கள் கழிந்தன.

இந்த மருந்துகள் அனைத்தும் பொய் என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் விஷயம் சுவையாகிறது.

நகம் என்னும் சுவர்

நகம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மயிர், மாட்டின் கொம்பு, பறவையின் இறகு ஆகியவையும் கெரட்டினே. நாம் கண்ணால் காணும் நகத்தகடு உயிரற்ற செல்கள் பல அடுக்குகளாக இறுகிப் படிந்த ஒரு பலகை. அதில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நகம் வெட்டும்போது வலிக்காததற்குக் காரணம் இதுவே. உயிருள்ள பகுதி அதன் வேரில், தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. அங்கே செல்கள் ஓயாது பிறந்து, இறுகி, இறந்து, முன்னே தள்ளப்படுகின்றன. மருதாணியின் சிவப்பு நகர்வது இதனால்தான். ஒருமுறை கறை பட்ட நகம் மீண்டும் வெளுப்பதில்லை. புது நகம் வந்து அதை வெளியேற்ற வேண்டும். சொத்தை பிடித்த நகத்துக்கும் இதே விதிதான்.

பூஞ்சைகள் உங்களுக்குப் புதியவை அல்ல. பழைய ரொட்டியில் படியும் பூசணமும், இட்லி மாவில் வாழும் ஈஸ்ட்டும், மழைக்குப் பின் முளைக்கும் காளானும் ஒரே பெருங்குடும்பம். அவற்றுள் சில கெரட்டினையே உணவாகக் கொள்ளக் கற்றவை. டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்பது இவற்றில் பெயர்பெற்றது. படர்தாமரையையும் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணையும் உண்டாக்கும் கூட்டத்தைச் சேர்ந்த இது, மெல்லிய இழைகளாக நகத்துக்குள் நுழைந்து, நொதிகளைச் சுரந்து, கெரட்டினைக் கரைத்து உண்கிறது. கால் நகங்களில் பெரும்பாலும் இதன் கைவரிசையே. எப்போதும் ஈரத்தில் புழங்கும் கைகளில் இன்னொன்றும் அடிக்கடி தென்படும். அது காண்டிடா என்னும் ஈஸ்ட். நகத்தின் அடியை ஒட்டி மூடியிருக்கும் மெல்லிய தோல் ஈரத்தில் ஊறிப் பிரிந்துவிட்டால், அந்த இடுக்கின் வழியே இது குடியேறுகிறது.

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் வீட்டில் திட்டு வாங்குவோம் அல்லவா? உப்பும் எண்ணெயும் புளிப்பும் நிறைந்த ஊறுகாய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் பட்ட இடத்தில் பூசணம் பூத்துவிடுகிறது. பாட்டிமார்கள் பூஞ்சையியல் படித்ததில்லை. ஆயினும் அந்தத் திட்டில் இருக்கும் அறிவியலுக்குக் குறைவில்லை. நாம் பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

இப்போது ஒரு கணக்கு. கைநகத்தின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். பூஞ்சை இழையின் அகலம் சுமார் 3 மைக்ரான். ஆகவே நகம், தனக்குள் ஒளிந்திருக்கும் பூஞ்சையைப்போல 160 மடங்குக்கு மேல் தடித்தது. தோளகலம் ஒன்றரை அடி உள்ள ஒரு மனிதனுக்கு இதே விகிதத்தில் சுவர் எழுப்பினால் அதன் தடிமன் 250 அடி இருக்கும்! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் படுக்க வைத்தாலும் அந்தத் தடிமனை எட்டாது. எதிரி பெரும்பாலும் இந்தச் சுவரின் அடிப்புறத்தில், நகத்தகடு நகப்படுகையோடு ஒட்டும் இடத்தில் வாழ்கிறான். நாம் மேலே நின்று எலுமிச்சைச் சாறு ஊற்றுகிறோம்.

தட்டில் வென்றது நகத்தில் தோற்பது ஏன்?

பரிசோதனைச் சாலையில் அகார் பரப்பிய பெட்ரித் தட்டில் பூஞ்சையை வளர்த்து, நடுவே பூண்டுச் சாறு விட்டால், அதைச் சுற்றிப் பூஞ்சை வளராத ஒரு வட்டம் உண்டாகும். பூண்டை நசுக்கும்போது, அதுவரை தனித்தனியே இருந்த இரண்டு பொருள்கள் கலந்து அல்லிசின் என்னும் காரமான பொருள் பிறக்கிறது. 1944ஆம் ஆண்டில் காவலிட்டோ என்னும் அமெரிக்க வேதியியலாரும் அவருடைய துணைவர் பெய்லியும் இதனைப் பிரித்தெடுத்து, நுண்ணுயிர்களை அடக்கும் இதன் ஆற்றலை விவரித்தார்கள். ஆகவே பூண்டுக்கு ஆற்றல் உண்டு என்பது உண்மையே. ஆனால் அல்லிசின் நிலையற்றது. வெகு விரைவில் சிதைந்து வேறு பொருள்களாக மாறிவிடும். அது 250 அடிச் சுவரைக் கடந்து போவதற்குள், சுவரைச் சுற்றியிருக்கும் மென்மையான தோலைச் சுட்டுவிடுகிறது. பெரியம்மாவுக்கு நேர்ந்தது அதுதான். பச்சைப் பூண்டை வைத்துக் கட்டித் தோல் வெந்துபோனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல குறிப்புகள் வந்திருக்கின்றன.

வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் முதலியவற்றுக்கு இன்னொரு தடை உண்டு. நம் தோலின் மேலடுக்கில் ஏறத்தாழ 10 விழுக்காடு கொழுப்பு இருக்கிறது. நகத்திலோ 1 விழுக்காடுகூட இல்லை. நகம் நீரை உறிஞ்சும். எண்ணெயை உள்ளே விடாது. துணி துவைத்த கையின் நகம் ஊறி வளைவதும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் நகத்தின் மேல் எண்ணெய் வெறுமனே மினுமினுப்பதும் நாம் கண்டவையே.

ஆமணக்கின் கதை இதைவிட நல்ல பாடம். விளக்கெண்ணெயை மிகுந்த வெப்பத்தில் சிதைத்து அன்டிசைலினிக் அமிலம் என்னும் பொருளைத் தயாரிக்கிறார்கள். இது பூஞ்சையை அடக்கும். சேற்றுப்புண்ணுக்கான பொடிகளிலும் களிம்புகளிலும் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டும் வருகிறது. தோலில் வேலை செய்கிற இந்தப் பொருள்கூட, நகத்தின் மேல் தடவினால் பெரும்பாலும் பயன் தருவதில்லை. மருந்து மாறவில்லை, பூஞ்சையும் மாறவில்லை, சுவர் மட்டும் மாறியது.

காடி, அதாவது வினிகர், ஏறத்தாழ 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம். நகப் பூஞ்சைக்கு அது உதவும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. ஆனால் நகம் பச்சை நிறமாக மாறும் ஒரு நோய்க்கு, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் விரலை நனைக்கும்படி மருத்துவர்களே சொல்வதுண்டு. அந்தப் பச்சைக்குக் காரணம் பூஞ்சையன்று. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா. நகம் படுகையிலிருந்து பிரிந்து நிற்கும் இடைவெளியில் அது வாழ்வதால், நனைக்கும் நீர் அதை எட்டிவிடுகிறது. காடியால் குணமடைந்த பச்சை நகத்தைக் கண்ட ஒருவர், "நகச்சொத்தைக்குக் காடி கைகண்ட மருந்து" என்று ஊருக்கெல்லாம் சொன்னால் அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. அவர் வேறு நோயைப் பற்றிப் பேசுகிறார், அவ்வளவுதான்.

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதியே பூஞ்சையால் வந்தவை. சோரியாசிஸ் என்னும் தோல்நோயும், அடிபட்ட காயமும், வேறு சில நோய்களும் நகத்தைப் பார்வைக்கு அப்படியே ஆக்கிவிடும். கதவிடுக்கில் நசுங்கிய நகத்தை எண்ணிப் பாருங்கள். கருத்துப்போய், பிறகு அந்தக் கருமை மெல்ல நகர்ந்து, ஐந்தாறு மாதங்களில் தானே வெளியேறும். அந்த ஐந்தாறு மாதமும் ஒருவர் தினந்தோறும் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தால் பெருமை யாருக்குப் போகும்?

ஆகவே கேள்வி, "தடவியபின் குணமானதா?" என்பதன்று. "தடவாதவர்களைவிட அதிகமாகக் குணமானதா?" என்பதே. இப்படிக் கேட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் சில உண்டு. 1994ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் கால் நகச்சொத்தை உள்ள 117 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆஸ்திரேலியாவின் தேயிலைமர எண்ணெயையும் மற்றொன்றுக்குக் குளோட்ரிமசோல் என்னும் பூஞ்சைமருந்தையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் சுமார் 60 விழுக்காட்டினரின் நகம் பார்வைக்குத் தேறியிருந்தது. எண்ணெய் மருந்துக்குச் சமம் என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் நகத்தைச் சுரண்டி வளர்த்துப் பார்த்தபோது, பூஞ்சை ஒழிந்திருந்தது எண்ணெய்ப் பிரிவில் 18 விழுக்காட்டினரிடமும், மருந்துப் பிரிவில் 11 விழுக்காட்டினரிடமும் மட்டுமே. இரண்டும் சமம்தான், இரண்டும் சமமாகத் தோற்றன என்றும் சொல்லலாமே! ஒன்றும் தடவாத மூன்றாவது பிரிவு அங்கே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நெஞ்சுச்சளிக்குத் தடவும் கற்பூரத் தைலத்தை 18 பேர் 48 வாரம் தடவிப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2011இல் வெளிவந்தது. 5 பேர் முழுக் குணமடைந்தனர். நல்ல செய்தியே. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க இங்கும் எதிர்ப்பிரிவு இல்லை.

எதிர்ப்பிரிவு வைத்தால் என்ன தெரியும்? 2013இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், எஃபினகோனசோல் என்னும் புதிய பூச்சுமருந்தை 1,600க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து கலவாத வெறும் பூச்சு. ஓராண்டுக்குப் பின் மருந்துப் பிரிவில் முழுக் குணமடைந்தோர் முதல் சோதனையில் 17.8 விழுக்காடு, இரண்டாவதில் 15.2 விழுக்காடு. வெறும் பூச்சுப் பிரிவிலோ 3.3, 5.5 விழுக்காடு. மருந்தே இல்லாமலும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் தேறிவிடுகிறார்கள்! நகத்துக்கென்றே வடிவமைத்த மருந்துகூட ஆறில் ஒருவரைத்தான் முழுக்கக் குணமாக்குகிறது என்றால், சமையலறைச் சாமான்களிடம் நாம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பின்வாசல்

மேலிருந்து சுவரைத் துளைக்க முடியாவிட்டால் வேர் வழியாக நுழையலாம் அல்லவா? 1939ஆம் ஆண்டில் ஒருவகைப் பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிரைசியோபுல்வின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பூஞ்சைக்கு மருந்து தந்ததும் ஒரு பூஞ்சையே! ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1958இல், படர்தாமரை கண்ட கினிப்பன்றிகளுக்கு இதனை வாய்வழியே கொடுத்து, நோய் நீங்குவதை ஜெண்டில்ஸ் என்பவர் காட்டினார். விழுங்கிய மருந்து இரத்தத்தோடு நகவேரை அடைந்து, புதிதாகப் பிறக்கும் கெரட்டினோடு கலந்துவிடுகிறது. பூஞ்சை உண்ண முடியாத புது நகம் முளைத்து, பழைய நகத்தை முன்னே தள்ளுகிறது. 1990களில் பழக்கத்துக்கு வந்த டெர்பினபின் மாத்திரை இன்னும் விரைவானது. கைநகத்துக்கு வழக்கமாக 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம் கொடுக்கிறார்கள். கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவர் சோதித்தே தருவார். இதைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கலாகாது.

கடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கும். அதே வேளையில் அது உடலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சை தங்குதடையின்றிப் பரவும். மருத்துவர் சீட்டில்லாமல் இத்தகைய களிம்புகளைத் தடவிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் மிகுதி. டெர்பினபினுக்கும் எளிதில் அடங்காத ஒரு தோல் பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டனர். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. அது பெருகியதற்கு இந்தக் களிம்புப் பழக்கமும் ஒரு காரணம் என்று வல்லுநர்கள் கருதுகிறார்கள்.

பெரியம்மாவின் கதைக்கு வருவோம். பதினைந்தாவது மாதம் வீட்டில் ஒரு கல்யாணம். பெரியம்மா பத்து விரலுக்கும் மருதாணி இட்டுக்கொண்டார். சொத்தையை மறைக்கவும் அது வசதியாக இருந்தது. கல்யாணம் முடிந்த வாரம் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். சிவந்திருந்த நகங்களைப் பார்த்து டாக்டர் முதலில் முகம் சுளித்தார். பிறகு நகத்தின் அடியிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டார். காரம் கெரட்டினைக் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது. இறால் ஓட்டிலும் கரப்பான்பூச்சியின் கூட்டிலும் இருக்கும் அதே பொருள். அது எளிதில் கரையாது. நகம் கரைந்து தெளிய, நுண்ணோக்கியில் எதிரி மட்டும் தனியே தெரிவான். பெரியம்மாவின் நகத்தில் தெரிந்தது காண்டிடா.

மாத்திரையும் பூச்சும் கொடுத்த டாக்டர், அதைவிட அழுத்திச் சொன்னது வேறொன்று. "அம்மா, கை காய்ந்திருக்க வேண்டும். ரப்பர் கையுறை போடுங்கள், அதற்குள்ளே பருத்திக் கையுறை போடுங்கள், வியர்வையும் ஈரம்தான். கழுவினால் உடனே துடையுங்கள். நகத்தடித் தோலைக் கிளறாதீர்கள்." ஊறுகாய் ஜாடியின் விதி! கைவைத்தியம் என்று ஒன்று உண்டென்றால் அந்தப் பருத்தித் துண்டைத்தான் சொல்வேன். நகவெட்டியைப் பிறரோடு பகிராமல் இருப்பதும், சேற்றுப்புண்ணை அசட்டையாக விடாமல் இருப்பதும் இதில் சேர்த்தி. நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய நகச்சொத்தைக்குக் காடியோ பூண்டோ வைக்க விடாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் வெந்துபோனது தெரியாது. சிறு புண் பெரும்புண்ணாகிவிடும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இந்தச் சிவப்பை அழித்துவிடாதீர்கள். அதன் அடிக்கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கோட்டுக்குப் பின்னால் வருவது நல்ல நகமாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது."

இதே போன்ற கோட்டை ஒரு மனிதர் 35 ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தார். அமெரிக்க மருத்துவரான வில்லியம் பீன், 1941இல் தொடங்கி, மாதத்தின் முதல் நாளன்று தம் இடக்கைக் கட்டைவிரல் நகத்தின் அடியில் ஒரு கோடு கீறி, அது நுனியை அடையும் நாளைக் குறித்துவந்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மி.மீ. தான் வளர்ந்தது. முதலாவது மாதம் ஒன்றுக்கு 3.7 மி.மீ.; இரண்டாவது 2.9 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. இந்தப் பொறுமைக்காரரின் கட்டுரை 1980இல் வெளிவந்தது.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். அடுத்த முறை யாராவது மருதாணி இட்டுக்கொள்ளும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, வெள்ளைப் பிறையின் அகலத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். உங்கள் தங்கையின் நகத்தையும் பாட்டியின் நகத்தையும் ஒப்பிடுங்கள். ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் ஒப்பிடுங்கள். பெரியம்மாவின் கட்டைவிரலில் அந்தச் சிவப்பு நுனியை அடைந்து வெட்டுப்பட ஆறு மாதமும் சில நாள்களும் ஆயின. மூன்றாம் மாதமே, பாதி நகம் தெளிந்து வந்தபோது, மாவு வாங்க வருகிறவர்களிடம் அவர் விரலை நீட்டிக் காட்டத் தொடங்கிவிட்டார்.